வெளியே உட்கார்ந்த நாலு பேர்: 2018 ஜூனியர் உலகக் கோப்பை அணி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வார இறுதியில் சின்னப் பையன்கள் ஆடும் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதப் போவேன். சம்பளம் கிடையாது. மேஜை, நாற்காலி, நிழல் உண்டு. பேட்டிங் வாய்ப்பு வராத பையனின் பேருக்கு நேரே நாங்கள் டி.என்.பி. என்று எழுதுவோம். பேட் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம்.

ஒரு சீசன் முடிந்ததும் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பேருக்கு நேரே அந்த மூன்று எழுத்து ஆறு ஆட்டமாக வரிசையாக வந்திருந்தது, என் கையெழுத்திலேயே. பவுலிங் பக்கத்தில் அவன் பேர் இல்லை. ஒரு கேட்சாவது பிடித்தானா என்று தேடினேன். இல்லை. ஆறு சனிக்கிழமை விடிவதற்குள் எழுந்து வந்து, எல்லையோர ஃபைன் லெக்கில் வெயிலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறான். அதே அணியில் ஒருவன் ஓப்பனிங்கும் இறங்குவான், முதல் ஓவரும் போடுவான், அவுட் கொடுத்தால் பேட்டை விசிறி எறிவான். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து ஒற்றுமை, பணிவு, தலைக்கனம் கூடாது என்று அரை மணி நேரம் பேசுவார். பையன்களும் தலையாட்டுவார்கள். அடக்கத்தைப் பற்றி மேடையில் மனப்பாடமாகப் பேசிப் பரிசு வாங்குகிற பையனே அடுத்த நாள் நெட்ஸில் முதல் ஆளாகப் பேடு கட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆறு பக்கங்களைப் பார்த்த பிறகுதான் 2018இல் ஜூனியர் உலகக் கோப்பை, அதாவது 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை, வென்ற இந்திய அணியின் கதையை மறுபடி படிக்கத் தோன்றியது. கோப்பை ஜெயித்ததற்காக இல்லை. அந்த அணியைச் சுற்றிப் பெரியவர்கள் எடுத்த சில முடிவுகளுக்காக. பதினெட்டு வயசுப் பையனின் தலைக்குள் என்ன ஏறுகிறது என்பதை அவனுக்குச் சொல்லப்படும் புத்திமதியைவிட, யாருக்கு வாய்ப்பு, எத்தனை தடவை, யாருக்கு எவ்வளவு என்ற கணக்குதான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

பின்னணி

ராகுல் டிராவிட் 2015இல் இந்தியா ஏ (சீனியர் அணிக்கு அடுத்த நிலை அணி), 19 வயதுக்குட்பட்டோர் ஆகிய இரண்டு அணிகளுக்கும் பயிற்சியாளரானார். 2016 பிப்ரவரியில் மிர்பூரில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி 145 ரன்னுக்குச் சுருண்டு, வெஸ்ட் இண்டீஸிடம் ஐந்து விக்கெட்டில் தோற்றது.

இப்படித் தோற்றால் வழக்கமாக என்ன செய்வார்கள்? வயசு இன்னும் மிச்சமிருக்கிற பையன்களை அப்படியே வைத்துக்கொண்டு, அனுபவசாலிகளாக அடுத்த உலகக் கோப்பைக்குக் கூட்டிப் போவார்கள். சர்ஃபராஸ் கான் 2014, 2016 என இரண்டு உலகக் கோப்பை ஆடியவர்தான். ஆனால் 2016இல் கிரிக்கெட் வாரியம் வேறு முடிவு எடுத்தது: ஒருவர் ஒரு ஜூனியர் உலகக் கோப்பைதான் ஆடலாம், வயசு இருந்தாலும் சரி. இந்த யோசனைக்குப் பின்னால் டிராவிட் இருந்தார். அந்த வயசில் திரும்பத் திரும்பத் தன் வயசுக்காரர்களோடே ஆடி ஜெயிப்பதைவிட, மாநில அணிக்குப் போய்ப் பெரியவர்களிடம் அடி வாங்குவது நல்லது என்பது அவர் வாதம். அப்படி ஒருவர் நகர்ந்தால் பின்னால் நிற்கிற இன்னொருவருக்கு இடம் கிடைக்கும்.

வாஷிங்டன் சுந்தர் இதற்கு நல்ல உதாரணம். 1999 அக்டோபரில் பிறந்தவர். 2018 போட்டிக்கும் வயசு சரியாக இருந்தது, ஆனால் 2016இல் ஆடிவிட்டார். அதனால் ஜூனியர் அணிக்கு அவர் இல்லை. அவர் ஒன்றும் இழந்துவிடவில்லை, 2017 டிசம்பரிலேயே இந்திய சீனியர் அணிக்கு ஆடிவிட்டார்.

ஒரு பயிற்சியாளர் தன் வெற்றி வாய்ப்பைக் குறைத்துக்கொள்கிற விதியைத் தானே கேட்டு வாங்குவது சாதாரண விஷயம் இல்லை. கோப்பைதான் அவருடைய மதிப்பெண் என்றால் அவர் அதைக் கேட்டிருக்க மாட்டார். 2015 டிசம்பரில் நிகழ்த்திய பட்டோடி நினைவுச் சொற்பொழிவில், வயசைக் குறைத்துக் காட்டி ஆட வைக்கும் பழக்கத்தை அவர் விஷம் என்றே சொன்னார். அதுவும் இதே கவலையின் இன்னொரு முகம்தான். சின்னப் பையன்களின் ஆட்டத்தில் பெரியவர்களுக்கு வெற்றி வெறி பிடித்தால் முதல் அடி விழுவது ஓரமாக நிற்கிற பையன் மேல்.

எல்லாருக்கும் ஒரு ஆட்டம்

டிராவிட் பிறகு ஒரு பேட்டியில் விளக்கிய இன்னொரு நடைமுறை உண்டு. ஏ அணிச் சுற்றுப்பயணத்துக்கு என்னோடு வந்தால் ஒரு ஆட்டமாவது ஆடாமல் திரும்ப மாட்டாய் என்று கிளம்பும்போதே பையன்களிடம் சொல்லிவிடுவாராம். ஜூனியர் அணியிலும் முடிந்தால் ஆட்டத்துக்கு ஆட்டம் ஐந்தாறு பேரை மாற்றுவாராம். காரணம் அவருடைய சொந்த அனுபவம். இளவயதில் ஏ அணிப் பயணத்துக்குப் போய் ஆட வாய்ப்பே கிடைக்காமல் திரும்பியிருக்கிறார். ஒரு சீசன் முழுக்க எழுநூறு எண்ணூறு ரன் அடித்து அந்த இடத்தைப் பிடித்தவன், ஒரு பந்தும் ஆடாமல் ஊர் திரும்பினால் செலக்டர் கண்ணில் அவன் மறுபடி பூஜ்யம். அடுத்த சீசனில் அந்த எண்ணூறையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

இந்த விதி பெஞ்சில் இருப்பவனுக்கு நல்லது என்பது வெளிப்படை. முன்வரிசைக்காரனுக்கு இது என்ன செய்கிறது என்பதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். தன் இடம் நிரந்தரமில்லை என்பது அவனுக்கு ஒரு பயமுறுத்தலாக இல்லாமல், வாராவார வழக்கமாகத் தெரிகிறது. இன்றைக்கு நான் தண்ணீர் தூக்குகிறேன், நாளைக்கு நீ. ஸ்டார் பையனைத் தண்டனைக்காக உட்கார வைத்தால் அவன் கறுவிக்கொண்டிருப்பான். முறை வைத்து உட்கார்ந்தால் கறுவ ஒன்றுமில்லை.

2018 போட்டியின் லீக் ஆட்டங்களில் இதன் சாயல் தெரிகிறது. ஆஸ்திரேலியாவோடு முதல் ஆட்டத்தில் கேப்டன் பிரித்வி ஷா 94, மஞ்சோத் கால்ரா 86. இருவரும்தான் ஓப்பனர்கள். ஜிம்பாப்வேயோடு ஆடியபோது இலக்கு 155. அதைத் துரத்த இறங்கியவர்கள் சுப்மன் கில்லும் விக்கெட் கீப்பர் ஹார்விக் தேசாயும். விக்கெட் விழாமலே முடித்துக்கொடுத்தார்கள். ஃபார்மில் இருக்கும் கேப்டனுக்கு அன்றைக்கு ஓர் ஈஸி அரைசதம் காத்திருந்தது. அவர் அதை விட்டுக்கொடுத்தார், அல்லது விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டார். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பரவாயில்லை. பழக்கம் என்பது பாதி நேரம் அப்படித்தான் தொடங்குகிறது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அறிவித்த பதினைந்து பேரில் நாலு பேர் இறுதி ஆட்டத்தில் வெளியேதான் உட்கார்ந்திருந்தார்கள். நாக் அவுட் வந்த பிறகு வலுவான பதினொன்றைத்தான் இறக்கினார்கள். எல்லாருக்கும் வாய்ப்பு என்பது எல்லா ஆட்டத்திலும் எல்லாருக்கும் என்று ஆகாது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை முன்கூட்டியே, எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டால் பையன்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அன்றைக்குக் காலையில் சொன்னால்தான் சண்டை.

ஏலம் வந்த வாரம்

இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள முக்கியக் காரணம் ஜனவரி 27, 28 ஆகிய இரண்டு நாட்கள். ஜனவரி 26 அன்று குவீன்ஸ்டவுனில் வங்கதேசத்தை 131 ரன்னில் வென்று அணி அரையிறுதிக்குப் போகிறது. மறுநாள் பெங்களூரில் ஐ.பி.எல். ஏலம். நியூசிலாந்தில் ஒரே ஹோட்டலில் தங்கி, ஒரே பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த பையன்களுக்கு ஒருவர் பின் ஒருவராக விலை ஒட்டப்படுகிறது. கமலேஷ் நாகர்கோட்டி 3.2 கோடி. ஷிவம் மாவி 3 கோடி. கில் 1.8 கோடி. ஷா 1.2 கோடி. அபிஷேக் சர்மா 55 லட்சம். கால்ரா, அனுகுல் ராய் ஆளுக்கு 20 லட்சம். மிச்சப் பேருக்கு ஒன்றுமில்லை.

பதினெட்டு வயசில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் ஒரே மதியத்தில் கோடீஸ்வரன். நீ நேற்று இருந்த அதே ஆள். இந்தச் சூழ்நிலையில் ஒற்றுமை பற்றி எந்தச் சொற்பொழிவும் எடுபடாது. டிராவிட் சொன்னது இவ்வளவுதான்: ஏலம் நம் கையில் இல்லை, அது வருஷா வருஷம் வரும், உலகக் கோப்பை நாக் அவுட் அப்படி வராது. பணத்தை அவர் மட்டமாகப் பேசவில்லை. ஏழை வீட்டுப் பையனிடம் பணம் முக்கியமில்லை என்று சொல்வது பொய் என்பது பையனுக்கும் தெரியும். எது திரும்ப வரும், எது வராது என்று மட்டும் பிரித்துக் காட்டினார்.

ஜனவரி 30, கிறைஸ்ட்சர்ச், எதிரே பாகிஸ்தான். கில் ஆட்டமிழக்காமல் 102. இந்தியா 272. பிறகு பந்து வீசியபோது பாகிஸ்தானின் முன்வரிசையைச் சிதைத்தவர் இஷான் போரெல், 17 ரன்னுக்கு 4 விக்கெட். பாகிஸ்தான் 69க்கு ஆல் அவுட், வித்தியாசம் 203 ரன். போரெல் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு வெளியே போய் மீண்டு வந்தவர். அந்த ஏலத்திலிருந்து எந்த அணிக்கும் போகாதவர். சில நாள் முன்னால் கோடிகளுக்குப் போன இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களோடு சேர்ந்து அதே புதுப் பந்தைப் பகிர்ந்துகொண்டவர்.

பிப்ரவரி 3, மவுண்ட் மாங்கனூயி. இறுதி ஆட்டத்தின் பவுலிங் கார்டை ஸ்கோரர் கண்ணோடு பார்த்தால் மனசு நிறைகிறது. போரெல் 2, நாகர்கோட்டி 2, ஷிவா சிங் 2, அனுகுல் ராய் 2, மாவி 1. ஆஸ்திரேலியா 216. யாரும் ஐந்து விக்கெட் எடுக்கவில்லை, யாரையும் அடித்து நொறுக்கவும் முடியவில்லை. கால்ரா ஆட்டமிழக்காமல் 101, தேசாய் கூடவே நின்று 47. எட்டு விக்கெட்டில் வெற்றி. இந்தப் பக்கம் எத்தனை டி.என்.பி. என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு. அந்த ஏழில் ஒன்றும் என்னை உறுத்தவில்லை.

கிரிக்கெட்டில் கூட்டாட்டம் எங்கே இருக்கிறது

இங்கே கொஞ்சம் விலகிப் பேச வேண்டும். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அணியில் மிகத் திறமையானவர்களின் பங்கு கூடக்கூட என்ன ஆகிறது என்று பார்த்தது. கால்பந்திலும் கூடைப்பந்திலும் ஓர் அளவு வரை பலன் கூடுகிறது. அதைத் தாண்டினால் ஒருங்கிணைப்பு கெட்டு, ஆட்டம் கீழே இறங்குகிறது. பேஸ்பாலில் அந்தச் சரிவு தெரியவில்லை. அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் தனியாக அடித்துவிட்டுப் போவதுதான் ஆட்டம், பந்தைக் கொடுத்து வாங்க வேண்டிய தேவை குறைவு.

கிரிக்கெட் அந்த வகையில் பேஸ்பாலுக்குத்தான் பக்கம். கால்பந்தில் சுயநலக்காரன் பந்தைப் பாஸ் செய்ய மாட்டான், மைதானத்தில் இருக்கிற எல்லாருக்கும் உடனே தெரிந்துவிடும். கிரிக்கெட்டில் சுயநலக்காரன் சதம் அடிப்பான், எல்லாரும் கைதட்டுவார்கள். அதனால் கூட்டு மனப்பான்மையை மைதானத்துக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. யார் நெட்ஸில் எத்தனை நிமிஷம் ஆடுகிறார்கள், யார் பந்து பொறுக்குகிறார்கள், தோற்கிற ஆட்டத்தில் யார் கடைசி ஓவர் போட அனுப்பப்படுகிறார்கள் என்பதில் இருக்கிறது. இவை எல்லாமே பெரியவர்கள் போடுகிற பட்டியல்கள். பையனிடம் பணிவை எதிர்பார்க்கும் முன் பட்டியலைத் திருத்தலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பரிசுத் தொகை

கோப்பை வென்ற அன்றே வாரியம் பரிசு அறிவித்தது. டிராவிட்டுக்கு 50 லட்சம், ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 30 லட்சம், உதவியாளர்களுக்கு ஆளுக்கு 20 லட்சம். உதவியாளர்கள் என்றால் பவுலிங், ஃபீல்டிங் பயிற்சியாளர்கள், பிசியோ, டிரெய்னர், மசாஜ் செய்பவர், வீடியோ அலசுபவர். ஆட்டக்காரர்கள் தொகையைக் கவனியுங்கள். ஏலத்தில் 3.2 கோடிக்குப் போனவருக்கும், இறுதி ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்தவருக்கும் ஒரே 30. அங்கே ஏற்கெனவே சமம் இருந்தது. உடைந்தது பெரியவர்கள் பக்கம்தான்.

டிராவிட் அன்று பத்திரிகையாளர்களிடம் பேசும்போதே, பயிற்சியாளர் என்பதால் தன் மேல் அதிக வெளிச்சம் விழுகிறது, அது சங்கடமாக இருக்கிறது, உழைத்தது உதவியாளர்கள் எல்லாரும்தான் என்றார். இப்படிச் சொல்வது எளிது, எல்லாரும் சொல்வார்கள். பிறகு தொகையில் ஏன் வித்தியாசம் என்று அவர் வாரியத்திடம் கேட்டார். அந்த மாதம் முடிவதற்குள் கணக்கு மாறியது: டிராவிட் உட்பட உதவிக் குழுவில் ஆளுக்கு 25 லட்சம். அதோடு, முந்தைய ஒரு வருடத்துக்கு மேல் அணியைத் தயார் செய்துவிட்டு உலகக் கோப்பைக்குப் போகாதவர்கள் பேரும் பட்டியலில் சேர்ந்தது. இடையில் காலமாகிவிட்ட ஒரு டிரெய்னரின் குடும்பமும் அதில் உண்டு.

அவர் பரிசே வேண்டாம் என்று மறுத்திருந்தால் அது தியாகி வேஷம். மற்றவர்களும் மறுக்க வேண்டிய தர்மசங்கடத்தில் மாட்டியிருப்பார்கள். மசாஜ் செய்பவருக்கு அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று யோசிக்க வேண்டும். தன் பாதியை இழந்து மற்றவர்களுக்கு ஐந்து ஐந்தாக ஏற்றிவிட்டதுதான் நுணுக்கம். அணியின் பையன்கள் இதைச் செய்தித்தாளில் படித்திருப்பார்கள். யாரும் அவர்களை வட்டமாக உட்கார வைத்து விளக்கியிருக்கத் தேவையில்லை.

இது எவ்வளவு தூரம் நின்றது

இந்த மாதிரி நிகழ்வு ஆய்வுகளில் கடைசியில் எல்லாரும் நல்லவர்களாக வளர்ந்தார்கள் என்று முடிப்பார்கள். நடந்தது அப்படி இல்லை. கில் 2025இல் டெஸ்ட் கேப்டனானார். ஷா 2018 அக்டோபரில் ராஜ்கோட்டில் அறிமுக டெஸ்டிலேயே 134 அடித்தார், 2024 அக்டோபரில் மும்பை ரஞ்சி அணியிலிருந்து நீக்கப்பட்டார், அடுத்த மாத ஏலத்தில் யாரும் வாங்கவில்லை. அவ்வளவு விலைக்குப் போன நாகர்கோட்டியையும் மாவியையும் காயங்கள் விடவில்லை. ஒரே டிரெஸ்ஸிங் ரூம், ஒரே பயிற்சியாளர், ஒரே விதிகள். ஒரு சில மாத ஏற்பாடு ஒரு ஆளின் முழு வாழ்க்கைக்கும் உத்தரவாதம் கொடுக்காது. டிராவிட்டே இறுதி ஆட்டம் முடிந்ததும், இந்தக் கோப்பையே இவர்கள் வாழ்க்கையின் அடையாளமாக நின்றுவிடக் கூடாது என்ற மாதிரிதான் பேசினார்.

ஆனால் அந்த வெளியே உட்கார்ந்த நாலு பேருக்குத் திரும்புகிறேன். அவர்களில் ஒருவர் இடது கை வேகப்பந்து வீச்சாளர். லீக் ஆட்டங்களில் வாய்ப்பு கிடைத்தது, இறுதி ஆட்டத்தில் இல்லை. அந்த வருட ஐ.பி.எல்.லிலும் அவரை யாரும் எடுக்கவில்லை. பேர் அர்ஷ்தீப் சிங். 2024 டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்தார். 2025இல் ஆண்கள் சர்வதேச டி20 ஆட்டங்களில் 100 விக்கெட் தொட்ட முதல் இந்தியர் ஆனார். பதினெட்டு வயசில் யார் ஸ்டார், யார் பெஞ்ச் என்று நாம் போடும் கணக்கு எத்தனை கச்சா என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஓரத்தில் நிற்பவனுக்கு ஒரு ஓவர் கொடுப்பது இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி அது புத்திசாலித்தனம்.

எங்கள் மைதானத்தில்

இதையெல்லாம் சொல்லி நான் அந்தப் பயிற்சியாளரிடம் போகவில்லை. ஸ்கோர் புத்தகத்தை மட்டும் திறந்து காட்டினேன். ஆறு பக்கத்தையும் மெதுவாகப் புரட்டினார். "இவ்வளவா?" என்றார். பிறகு என் பேனாவை வாங்கி, பின் அட்டையில் பதினான்கு பேரையும் எழுதி, ஆளுக்கு மூன்று கட்டம் போட்டார்: பேட்டிங், பவுலிங், தண்ணீர். நாலு ஆட்டத்துக்குள் எல்லாக் கட்டத்திலும் ஒரு டிக் விழ வேண்டும், கடைசி இரண்டு ஆட்டம் மட்டும் ஜெயிக்கிறதுக்கு. அதைப் பையன்கள் முன்னாலேயே படித்தார்.

முதல் வாரம் அந்த ஃபைன் லெக் பையன் ஓப்பனிங் இறங்கினான். ஒன்பது பந்து, மூன்று ரன், போல்டு. திரும்பி வரும்போது முகம் செத்துப்போயிருந்தது. பேட் எறிகிற பையன் அன்றைக்குத் தண்ணீர் முறை. பாட்டிலை நீட்டிவிட்டு, "அந்த ஆளு பந்த உள்ளதான்டா கொண்டு வருவான், நானும் போன தடவை அப்படித்தான் போனேன்" என்றான். நட்பாகச் சொன்னானா, வேறு வழியில்லாமல் சொன்னானா, தெரியவில்லை. நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஓவர் முடிவதற்குள் அவனுடைய அப்பா மேஜைக்கே வந்துவிட்டார். "சார், என் பையன் இன்னைக்கு ஏன் ஓப்பனிங் இல்ல?"

பின் அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.

"இது யார் போட்டது?"

"கோச்தான் சார். உங்க பையனுக்கு அடுத்த வாரம் நாலாவது இறக்கம்."

கொஞ்ச நேரம் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலாவதா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நிழலுக்குப் போனார்.